ஸ்ரீரங்கம் நிஜமாவே ஒரு தீவா? ரெண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு நாள்: எங்கே போகலாம், எதைக் கவனிக்கணும்?

தீவுன்னு சொன்னதும் நமக்கு ராமேஸ்வரம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா கடலே இல்லாத ஒரு தீவு காவிரி டெல்டாவின் வாசலிலேயே இருக்கு. தினமும் ஆயிரக்கணக்கானோர் பாலம் தாண்டி அங்கே போய் வருகிறார்கள். அது தீவு என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. ஆற்றில் வெள்ளம் வரும்போதுதான் ஞாபகம் வருகிறது.

அதுதான் ஸ்ரீரங்கம். இந்த ஊர் எப்படித் தீவானது, ஒரு நாள் போனால் என்னென்ன பார்க்கலாம், இந்தத் தீவுக்கும் தஞ்சாவூர் நெல்லுக்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்ரீரங்கம் எப்படித் தீவானது?

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கி.மீ. தொலைவில் இருக்கிறது முக்கொம்பு. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி. இரண்டும் தனித்தனியாக ஓடி, கல்லணை அருகே மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் சிக்கிய சுமார் 30 கி.மீ. நீள நிலம்தான் ஸ்ரீரங்கம் தீவு. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், வாழைத் தோட்டங்கள் நிறைந்த கிராமங்கள் எல்லாம் இதற்குள்தான் வருகின்றன. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒரு பாலத்தையோ அணையையோ தாண்டித்தான் உள்ளே நுழைய முடியும்.

காவிரியில் இப்படி ரங்கநாதர் பள்ளிகொண்ட தீவுகள் மூன்று. கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணமும் சிவசமுத்திரமும், தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம். இவற்றை முறையே ஆதி ரங்கம், மத்திய ரங்கம், அந்திய ரங்கம் என்பார்கள்.

கோயிலுக்குள்ளே ஊரா, ஊருக்குள்ளே கோயிலா?

இரண்டும்தான். ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயில் சுமார் 156 ஏக்கர் பரப்பில், 7 பிராகாரங்கள், 21 கோபுரங்களோடு அமைந்தது. வெளிப் பிராகாரங்களில் வீடு, கடை, ஹோட்டல், பள்ளி எல்லாமே உண்டு. சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் குடியிருப்பவர்கள் பால் வாங்கப் போவதும் வருவதும் கோயில் மதிலுக்குள்தான். அதனால்தான் இதைச் சுற்றுலாத் தலம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

தூரத்திலிருந்தே தெரியும் ராஜகோபுரத்துக்கு 13 நிலைகள், 236 அடி உயரம். பல நூற்றாண்டுகள் அரைகுறையாக நின்றதால் ஊர்மக்கள் இதை மொட்டைக் கோபுரம் என்றார்கள். அகோபில மடத்தின் 44-வது ஜீயர் முன்னின்று கட்டி முடிக்க, 1987-ல் குடமுழுக்கு நடந்தது. 2017-ல் பாரம்பரியப் பாதுகாப்புக்கான யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது இந்தக் கோயிலுக்குக் கிடைத்தது.

உள்ளே எதைத் தவறவிடக் கூடாது?

மூலவர் சுதையால் ஆனவர். அதனால் அவருக்கு அபிஷேகம் கிடையாது, தைலக்காப்பு மட்டும்தான். தெற்கு நோக்கிப் படுத்திருப்பது இலங்கையின் விபீஷணனுக்காக என்பது ஐதீகம்.

தரிசன வரிசையில் நின்று திரும்பிவிடாமல், இன்னும் சில இடங்களுக்கு நேரம் ஒதுக்குங்க. சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைச் சிற்பங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரே கல்லில் செதுக்கியது. தாயார் சன்னதி எதிரே இருக்கும் மண்டபத்தில்தான் கம்பர் தன் ராமாயணத்தை அரங்கேற்றினார் என்கிறது மரபு. உடையவர் சன்னதியில், ராமானுஜரின் திருமேனியே அமர்ந்த கோலத்தில் இருப்பதாக வைணவர்கள் போற்றுகிறார்கள்.

துலுக்க நாச்சியார் சன்னதியும் முக்கியம். பெருமாள் மீது அன்பு வைத்த சுல்தானின் மகள் என்று இவரைச் சொல்வார்கள். சிலை கிடையாது, சுவரில் ஓவியம்தான். இங்கே ரொட்டி, வெண்ணெய் எல்லாம் நைவேத்தியம். 14-ம் நூற்றாண்டுப் படையெடுப்பில் உற்சவர் ஊரை விட்டு வெளியேறி, சுமார் 48 ஆண்டுகள் கழித்து 1371-ல் திரும்பினார். அவ்வளவும் பார்த்த ஊர், அந்தப் பெண்ணுக்கும் ஒரு சன்னதி வைத்திருக்கிறது.

எப்போ போகலாம்?

மார்கழியில் வரும் வைகுண்ட ஏகாதசித் திருவிழாதான் உச்சம். பகல் பத்து, இராப் பத்து என்று 20 நாட்களுக்கு மேல் நடக்கும். பரமபத வாசல் திறக்கும் அன்று கூட்டம் லட்சங்களைத் தொடும். கூட்டம் வேண்டாம், கலையைப் பார்க்கணும் என்பவர்கள் மற்ற நாட்களில் அரையர் சேவைக்குப் போகலாம். கூம்புக் குல்லாய் அணிந்த அரையர், கையில் தாளத்தோடு பாசுரங்களைப் பாடி அபிநயம் பிடிப்பார். நாதமுனிகள் காலத்திலிருந்து வருவதாகச் சொல்லப்படும் இந்தக் கலை இன்று மிகச் சில கோயில்களில்தான் மிச்சம்.

இந்த ஊரின் விழாக்கள் இரண்டு ஆறுகளையும் விட்டுவிடுவதில்லை. ஆடி மாதம் நம்பெருமாள் அம்மா மண்டபம் படித்துறைக்கு வந்து, காவிரிக்குப் பட்டும் மாலையும் மஞ்சளும் சீராகக் கொடுக்கிறார். தைப்பூசத்தன்று கொள்ளிடக் கரைக்கு வரும் சமயபுரம் மாரியம்மனுக்குத் தங்கை முறையில் சீர் போகிறது.

பக்கத்திலேயே திருவானைக்காவல். பஞ்சபூதத் தலங்களில் நீர்த்தலம் இதுதான். ஜம்புகேஸ்வரர் கருவறையில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் ஆறு ஓடும் தீவில் இதைவிடப் பொருத்தமான கோயில் வேறென்ன இருக்க முடியும்?

தஞ்சை நெல்லுக்கும் இந்தத் தீவுக்கும் என்ன சம்பந்தம்?

முக்கொம்பில் பிரியும் இரண்டு ஆறுகளில் கொள்ளிடம்தான் தாழ்வானது. விட்டால் தண்ணீர் அந்தப் பக்கமே போய்விடும். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படித்தான் நடந்தது. காவிரி மணல் மேடிட, தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் குறைந்தது. அதனால் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார்.

தீவின் கிழக்கு முனையில் கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணை. இங்கிருந்துதான் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வயல்களுக்குப் போகிறது. வெள்ளம் வந்தால் கொள்ளிடம்தான் வடிகால். அதாவது தீவின் ஒரு முனையில் இருக்கும் மதகு சரியாக வேலை செய்தால்தான், மறுமுனைக்கு அப்பால் நாற்று நட முடியும்.

2018-ல் என்ன நடந்தது?

அந்த ஆகஸ்ட் மாதம் மேட்டூர் நிரம்பி வழிந்தது. 1928-ல் கட்டிய, போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தன. சில நாட்களில், ஆகஸ்ட் 22 இரவு, மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. காவிரிக்குப் போக வேண்டிய தண்ணீர் கொள்ளிடத்தில் வீணாகப் போனது. கடைமடை விவசாயிகள் தவிக்க, மணல் மூட்டைகளை அடுக்கித் தற்காலிகமாக அடைத்தார்கள். அணையின் பழமையை அப்போதைய அரசு சுட்டிக்காட்டியது. ஆற்றில் மணல் அள்ளிப் படுகை தாழ்ந்ததுதான் காரணம் என்றன விவசாயச் சங்கங்கள். பின்னர் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது.

இப்போதும் காவிரியில் நீர் அதிகமானால், கல்லணை சாலையில் உள்ள உத்தமர்சீலி தரைப்பாலத்தின் மேலேறி வெள்ளம் கொள்ளிடத்துக்குப் பாயும். நடுவில் இருக்கும் வாழைத் தோட்டங்கள் மூழ்கும்.

ஆற்றுத் தீவு என்பது அசையாச் சொத்து இல்லை. அசாமில் சத்திரா மடங்களுக்கும் முகமூடிக் கலைக்கும் பேர்போன மாஜுலி தீவைப் பிரம்மபுத்திரா பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து வருகிறது. ஸ்ரீரங்கத்துக்கு அந்த நிலை இல்லை. ஆனா மேலே ஒரு அணையும் கீழே ஒரு அணையும் கரைகளும் சரியாக இருப்பதால்தான் அந்த நிலை இல்லை.

ஒரு நாள் பயணம்: எப்படித் திட்டமிடலாம்?

சென்னை - விழுப்புரம் - திருச்சி ரயில் பாதையில் ஸ்ரீரங்கத்துக்குத் தனி ஸ்டேஷன் உண்டு. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ்கள் ஓடுகின்றன. தஞ்சாவூரிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்க.

காலையில் சீக்கிரம் கோயில். பூஜைக்காக நடை சாத்தும் நேரம் உண்டு என்பதால் விசாரித்துக்கொண்டு போவது நல்லது. வேற்று மதத்தினருக்கு மூலஸ்தானப் பகுதியில் அனுமதி இல்லை, வெளி மண்டபங்களைப் பார்க்கலாம். பிற்பகலில் திருவானைக்காவல், மாலையில் கல்லணை.

வீதிகளில் போட்டோ எடுக்கும்போது அது யாரோ ஒருவரின் வீட்டு வாசல் என்பதை மறக்க வேண்டாம். அம்மா மண்டபத்தில் துணி, பிளாஸ்டிக் கவர்களை ஆற்றில் போட வேண்டாம். ஆற்றில் தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் எச்சரிக்கைப் பலகையைப் பார்த்த பிறகே படி இறங்குங்க. திரும்பும் வழியில் பாலத்தில் ஒரு நிமிஷம் கீழே பாருங்க. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் டெல்டா வயல்.