ஆட்டமும் ஆட்டக்காரரும்

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தைச் சென்னையின் மேற்குப் புறநகர் மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். கொரட்டூரிலும் முகப்பேரிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்திரங்கள் தண்ணீரில் நின்றன. பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர், அடையாற்றில் பெருகி நகரத்தின் தென்பகுதியைப் புரட்டிப் போட்டது. அந்த வெள்ளத்தின் காரணமாகவே, சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி தன் சொந்த ஊரில் ஆடவேண்டிய அரையிறுதி ஆட்டத்தைப் புனே நகரில் ஆட நேர்ந்தது. அங்கே கொல்கத்தா அணியை 3-0 என்று வென்று இறுதிப் போட்டிக்குச் சென்றது.

டிசம்பர் 20 அன்று கோவாவின் மட்காவ் நகரில் நடைபெற்ற அந்த இறுதிப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 90ஆவது நிமிடத்தை நெருங்கும் வேளையில் கோவா அணி 2-1 என முன்னிலையில் இருந்தது. அதன் இலக்குக் காவலரின் தடுமாற்றத்தால் ஒரு கோல் சென்னைக்குக் கிடைத்தது. அடுத்த சில நிமிடங்களில் கொலம்பிய வீரர் மெண்டோசா அடித்த கோல் கோப்பையையே கொண்டுவந்தது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, நேரு விளையாட்டரங்கம் வரை நடந்துபோய் அந்த அணியைப் பார்த்துப் பழகிய இளைஞர்களுக்கு அது எத்தகைய இரவாக இருந்திருக்கும்! சேறு காயாத தெருக்களில் பட்டாசு வெடித்தவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

அதே இரவில் வேறொரு செய்தியும் வந்தது. சென்னை அணியின் தலைவரும், முந்தைய ஆண்டு 8 கோல்கள் அடித்துத் தொடரின் முதல் கோல் வீரராகத் திகழ்ந்தவருமான பிரேசில் நாட்டு எலானோ, ஆட்டம் முடிந்தபின் தம்மைத் தாக்கியதாகக் கோவா அணியின் இணை உரிமையாளர் காவல்துறையில் புகார் அளித்தார். எலானோ கைது செய்யப்பட்டுப் பிணையில் விடுவிக்கப்பட்டார். அந்தப் புகாரின் மெய் பொய்யைத் தீர்ப்பது நம் வேலையன்று. நம் கவனத்துக்குரியது, அந்தச் செய்தியை நாம் கேட்டுக்கொண்ட விதம். 'கோப்பை வந்துவிட்டது, மற்றதை விடுங்கள்' என்றார் ஒரு சாரார். 'என்ன திறமை இருந்து என்ன?' என்றார் மற்றொரு சாரார். இரு சாராரும் தராசு ஒன்றைத்தான் கையில் பிடித்திருந்தார்கள். ஒரு தட்டில் ஆட்டம், மறு தட்டில் ஒழுக்கம்.

அந்த அணியின் பயிற்சியாளர் யார் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். இத்தாலியரான மார்க்கோ மட்டராட்சி. 2006ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று பெர்லினில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், பிரான்சின் ஜிடேன் தலையால் முட்டி வீழ்த்தியது இவரைத்தான். ஜிடேனின் சகோதரியைக் குறித்துத் தாம் இழிவாகப் பேசியதைப் பின்னர் இவரே ஒப்புக்கொண்டார். முட்டியவருக்கு மூன்று ஆட்டங்களும், பேசியவருக்கு இரண்டு ஆட்டங்களும் தடை விதிக்கப்பட்டன. ஆயினும் அந்தத் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் தங்கப்பந்து விருது ஜிடேனுக்கே சென்றது. உலகம் தராசைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தட்டு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லாமலேயே கீழே வைத்துவிட்டது எனலாம்.

இந்தத் தராசு சரியான கருவிதானா? இக்கேள்வியை மிகக் கடுமையாக எழுப்பும் வாழ்க்கை டியகோ மரடோனாவுடையது. நம் நாட்டுக்கும் அவர் அந்நியர் அல்லர். 1986ஆம் ஆண்டு ஜூன் 22 அன்று மெக்சிகோ நகரில் நண்பகலில் தொடங்கிய ஆட்டம் இந்தியாவில் இரவு பதினொன்றரை மணிக்குத் தொடங்கியது. தூர்தர்ஷன் புண்ணியத்தில் நம்மவர் பலர் கண்விழித்துப் பார்த்த ஆட்டம் அது. 51ஆவது நிமிடத்தில் கையால் தட்டிய பந்தை நடுவர் கோல் என்றார். அடுத்த நான்கு நிமிடங்களுக்குள், தம் பாதி மைதானத்திலிருந்து பந்தைக் கொண்டுசென்று, எதிரே வந்த இங்கிலாந்து வீரர்களை ஒருவர் பின் ஒருவராக ஏமாற்றி, கால்பந்து வரலாற்றின் பேரழகான கோலை அடித்தார். திருட்டும் கலையும் நான்கு நிமிட இடைவெளியில், ஒரே மனிதரிடமிருந்து! பின்னாளில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வத்திக்கானில் சந்தித்தபோது, குற்றம் செய்த கை இவற்றில் எது என்று வேடிக்கையாகக் கேட்டதாக நினைவுகூர்ந்திருக்கிறார். அர்ஜென்டினாக்காரர் ஒருவரால்தான் அப்படிச் சிரித்துக்கொண்டு கேட்க முடியும்.

2008 டிசம்பரில் மரடோனா கொல்கத்தா வந்தபோது சால்ட் லேக் அரங்கம் மக்கள் வெள்ளத்தால் நிரம்பியது. அன்னை தெரேசாவின் கல்லறை உள்ள இல்லத்துக்கும் அவர் சென்றார். 2012இல் கேரளத்தின் கண்ணூரிலும் அதே கூட்டம், அதே ஆரவாரம். ஆனால் அவருடைய வரலாற்றின் இதயம் இருப்பது இத்தாலியின் நேபிள்ஸ் நகரத்தில். வடக்கத்தியப் பணக்கார நகரங்களால் ஏளனம் செய்யப்பட்ட துறைமுக ஊர் அது. 1984இல் அங்கு வந்த மரடோனா, அதுவரை ஒருமுறைகூட வெல்லாத லீக் பட்டத்தை 1987இலும் 1990இலும் வென்று கொடுத்தார். நோயுற்ற ஒரு குழந்தையின் சிகிச்சைக்கு நிதி திரட்ட, நகருக்கு வெளியே அச்செர்ரா என்னும் ஊரின் சேற்று மைதானத்தில் உள்ளூர்க்காரர்களோடு ஆடினார். கால்களுக்கு ஆபத்து என்று கழகம் தடுத்தும் கேட்கவில்லை. இவை கதைகள் அல்ல, நடந்தவை. அந்நகரத்துச் சந்துகளில் புனிதர்களின் படங்களுக்குப் பக்கத்தில் அவர் படம் வைத்து விளக்கேற்றுகிறார்கள். அது சரியென்று சொல்லவில்லை. ஏன் என்பது புரிகிறது.

அதே நேபிள்ஸில்தான் கொக்கெயின் போதையும், குற்றக் கும்பல்களோடு நட்பும். 1991இல் 15 மாதத் தடை. 1994இல் ஊக்கமருந்து உட்கொண்டதற்காக உலகக் கோப்பையிலிருந்து வெளியேற்றம். அதே ஆண்டில், வீட்டு வாசலில் நின்ற செய்தியாளர்கள்மீது காற்றுத் துப்பாக்கியால் சுட்ட நிகழ்ச்சி. இவற்றையெல்லாம் ரசிகர்கள் 'பாவம், அவர் தமக்குத்தாமே செய்துகொண்ட கேடு' என்று ஆற்றிக்கொள்வார்கள். ஓரளவு நியாயம்தான். போதைக்கு அடிமையானவரை நோயாளியாகப் பார்க்க நாமும் கற்றிருக்கிறோம்.

ஆனால் 1986 செப்டம்பரில் நேபிள்ஸில் பிறந்த ஓர் ஆண் குழந்தையை அப்படி ஆற்றிக்கொள்ள முடியாது. மரடோனாவை மணந்திராத ஒரு பெண்ணின் பிள்ளை. தாய் நீதிமன்றம் சென்றார். மரபணுச் சோதனைக்கு மரடோனா உடன்படவில்லை. 1990களின் தொடக்கத்தில் நீதிமன்றம் அவரே தந்தை எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த பின்னும் தந்தை வரவில்லை. அவர் அந்த மகனை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது 2016இல். அவர் இறந்தபின், 2021இல், கியூபா நாட்டுப் பெண் ஒருவர், தமக்கு 16 வயதாக இருந்தபோது நேர்ந்தவற்றை புவனோஸ் அயர்ஸ் நீதித்துறை முன் சாட்சியமாகச் சொன்னார். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை என்பது உண்மை. கேட்கப்படாமலே போகவேண்டும் என்பதற்கு அது காரணமாகாது.

2020 நவம்பர் 25 அன்று மரடோனா மறைந்தார். மூன்று நாள் கழித்து ஸ்பெயினில் ஒரு பெண்கள் கால்பந்து ஆட்டத்துக்கு முன் மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது. எல்லோரும் நின்றார்கள். பாவுலா தப்பேனா என்ற வீராங்கனை மட்டும் முதுகைத் திருப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஒரு நிமிட மௌனம் கடைப்பிடிக்காத நாம், இவருக்கு ஏன் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே அவர் கேள்வி. அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஒரு கோலின் அழகைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு பெண்ணைக் கொல்வோம் என்று எழுதிய கைகளைப் பற்றி என்ன சொல்வது?

என் கருத்து இது. ஆட்டமும் ஒழுக்கமும் ஒரே தராசில் ஏற்றக்கூடிய சரக்குகள் அல்ல. அந்த இரண்டாவது கோலுக்கு எவருடைய மன்னிப்பும் தேவையில்லை. அதை அடித்தவர் தீயவர் என்று நிறுவினாலும் அதன் அழகு ஒரு துளியும் குறையாது. கரவாஜியோ என்னும் ஓவியர் 1606இல் ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டு இதே நேபிள்ஸுக்குத் தப்பி வந்து, இரக்கத்தின் ஏழு செயல்களைச் சித்திரிக்கும் பீடப்படம் ஒன்றைத் தீட்டினார். பசித்தோர்க்கு உணவு, சிறையிலிருப்போரைக் காணுதல், இறந்தோரை அடக்கம் செய்தல் எல்லாம் அதில் உண்டு. நான்கு நூற்றாண்டுகளாக அது அங்கே பீடத்தின்மேல் இருக்கிறது. அதன் முன் மன்றாடுவோர் கொலையை மன்னித்துவிட்டதாகப் பொருளில்லை. கொலையுண்டவருக்காக அந்தப் படத்தைக் கிழிக்கவேண்டும் என்றும் பொருளில்லை.

ஓவியத்துக்கும் கோலுக்கும் தேவைப்படாத மன்னிப்பு மனிதருக்குத் தேவைப்படுகிறது. அதைக் கொடுக்கும் உரிமை கைதட்டியவர்களுக்கு இல்லை. தந்தை வருவார் என்று காத்திருந்த பிள்ளைக்கு உண்டு, அடிபட்ட பெண்ணுக்கு உண்டு. நமக்குப் பழக்கமான ஒப்புரவு அருட்சாதனத்திலும் பரிகாரம் என்ற பகுதி இருக்கிறது அல்லவா? திருடியவன் திருப்பிக் கொடுக்கவேண்டும். கோப்பையை ஊருக்குக் கொடுத்தேன் என்று சொல்லி வீட்டுக்குப் பட்ட கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது. 'எத்தனை மகிழ்ச்சி தந்தார்!' என்று நாம் மன்னிக்கும்போது, நமக்குச் சொந்தமில்லாத பொருளைத் தானம் செய்கிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒழுக்கமே பெரிது என்று மேடையில் முழங்குகிறவர்கள், ஒழுக்கத்தால் உயர்ந்த ஆட்டக்காரரை எத்தனை முறை நினைத்திருக்கிறார்கள்? 1948 இலண்டன் ஒலிம்பிக்கில், சுதந்திர இந்தியாவின் முதல் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர் தாலிமெரன் ஆவோ. நாகா மக்களுள் ஒருவர், மோகன் பகான் கழகத்தின் தூண். மகன் மருத்துவராகித் தம் மக்களுக்குப் பணிபுரிய வேண்டும் என்பது, கிறிஸ்தவப் போதகரான அவர் தந்தையின் விருப்பம். அந்தத் தந்தை மகனின் இளமையிலேயே இறந்துபோனார். வாக்கைக் கேட்டுவாங்க ஆளில்லை. ஆயினும் ஆவோ 1950இல் மருத்துவப் பட்டம் பெற்று, பந்தை வைத்துவிட்டு, நாகர் நிலத்துக்குத் திரும்பினார். நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து, 1978இல் ஓய்வு பெற்று, 1998இல் மறைந்தார். மரடோனாவின் படம் பொறித்த சட்டை அம்பத்தூர்க் கடைத்தெருவில் கிடைக்கும். ஆவோவின் பெயரை அங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இது தொலைதூரத்துப் பெரிய மனிதர்களின் விவகாரம் மட்டுமன்று. ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லிப் பக்கம் பங்குத் திருவிழாவை ஒட்டி இளைஞர்கள் கால்பந்துப் போட்டி நடத்துவது உண்டு. பதினாறு வயதுப் பையன் ஒருவன் பிரமாதமாக ஆடுகிறான். நடுவரைக் கெட்ட வார்த்தை சொல்கிறான், தோற்ற அணியின் சிறுவனை மைதானத்துக்கு வெளியே அறைகிறான். 'அவனை உட்கார வைத்தால் அரையிறுதியில் தோற்போம்' என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசி, அறை வாங்கிய சிறுவனைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தராசு அந்தப் பையன் கைக்கு அன்றே வந்துவிடுகிறது. நேபிள்ஸிலும் பெரியவர்கள் இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஞாயிறு ஆட்டம் நடந்தால் போதும், திங்கள் முதல் சனி வரை அவர் எங்கே இருந்தால் என்ன?

மரடோனா ஆடிய நேபிள்ஸ் அரங்கத்துக்கு 1960கள் தொட்டு புனித பவுலின் பெயர் வழங்கியது. உரோமைக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட பவுல் கரையிறங்கிய புத்தேயோலி, அதே கடலோரத்தில்தான் இருக்கிறது. ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றவர்களின் மேலுடைகளுக்குக் காவல் நின்றவர் பவுல். தாம் திருச்சபையைத் துன்புறுத்தியவர் என்பதை எழுதிய மடல்களில் அவரே திரும்பத் திரும்பச் சொன்னார், பிறர் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கவில்லை. 2020 டிசம்பரில், மரடோனா மறைந்த சில நாட்களில், நகராட்சி அந்த அரங்கத்தின் பெயரை மாற்றியது. இப்போது அதன் பெயர் டியகோ அர்மாண்டோ மரடோனா அரங்கம். 1986இல் அந்த ஊரில் பிறந்து, தந்தையின் வாயால் ஏற்கப்பட ஏறக்குறைய 30 ஆண்டுகள் காத்திருந்த மகனின் பெயரும் அதுவே.