ராயபுரத்தில் ஒரு பாடக்குறிப்பு

முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்த பி.கே. சீனிவாசன், 1993இல் ராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகத்தையும் கணிதக் கல்வி மையத்தையும் தொடங்கினார். 1912இல் மாதம் 30 ரூபாய்க்கு இராமானுஜன் எழுத்தராகச் சேர்ந்த சென்னைத் துறைமுகம் அங்கிருந்து கூப்பிடு தூரம். கணித மன்றம், கண்காட்சி என்று பிள்ளைகளையே தேடிப் பார்க்கவைத்தவர் சீனிவாசன். அந்த வழி இன்று அதிகம் தேவைப்படுவது புள்ளியியலுக்கு.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் திட்ட விலக்கம் உண்டு, மாறுபாட்டுக் கெழு உண்டு. கணக்குக்கான எண்களும் தயாராக நிற்கும். யார் அளந்தார்கள், எதற்கு அளந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சூத்திரத்தில் போட்டால் மதிப்பெண் வந்துவிடும். ஆசிரியரும் அப்படிப் படித்து வந்தவர்தானே! பயிற்சி என்று அவரை உட்காரவைத்து உரையாற்றினால் குறிப்பேடு நிறையும், அவ்வளவுதான். அதைவிட, நான்கைந்து ஆசிரியர்கள் கூடி ஒரே பாடத்துக்குப் பாடக்குறிப்பு எழுதி, ஒருவர் நடத்த, மற்றவர்கள் கடைசி பெஞ்சிலிருந்து பிள்ளைகளைக் கவனிப்பது பலன் தரும். ஜப்பானிய ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது இது.

அப்படிக் கூடி எழுதும் குறிப்பில், பக்கத்துத் தொழிற்பேட்டையான மணலியின் காற்றையே பாடமாக்கலாம். பிஎம் 2.5 நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியாக 2009இல் வகுக்கப்பட்ட தேசிய வரம்பு, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். ஒரு நாளில் 18 மணி நேரம் 40, இரவில் 6 மணி நேரம் 115 என்று வைத்துக்கொண்டால் சராசரி 58.75. வரம்புக்குள் அடங்கிய நாள்! இடைநிலை அளவோ 40. இன்னும் சாதுவாகத் தெரியும். இருமல் வந்த இரவு இரண்டிலும் காணாமல் போகிறது. மணிவாரியாக வரைபடம் போட்டால்தான் அது தலைகாட்டும். நியூசிலாந்தின் கிறிஸ் வைல்டும் மாக்சின் ஃபன்குக்கும் 1999இல் எழுதிய கட்டுரை, மாறுபாட்டைக் கவனிப்பதைப் புள்ளியியல் சிந்தனையின் அடிப்படைகளில் ஒன்றாக வைத்தது இதனால்தான்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைப் பாடமாக்குவது இன்னும் வம்பானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. ஒரு படகின் சராசரிப் பிடிப்பைக் கணக்கிடும்போது அந்த நாட்களைப் பூஜ்யமாகச் சேர்ப்பதா, விட்டுவிடுவதா? குறிப்பு எழுதும் மேசையிலேயே வாக்குவாதம் கிளம்பும்; கிளம்பட்டும். ஆண்டு முழுவதும் வீட்டுச் செலவுக்கு என்ன வந்தது என்பது கேள்வியானால் சேர்க்க வேண்டும். கடலுக்குப் போன ஒரு நாளைக்கு எவ்வளவு என்றால் சேர்க்கக் கூடாது. இது முடிவதற்குள், “எங்கப்பா தடையிலயும் போறாரே சார், நாட்டுப்படகு” என்று ஒரு பிள்ளை எழுந்துவிட்டால், குறிப்பின் முதல் வரியையே திருத்த வேண்டிவரும்: எந்தப் படகின் சராசரி?