அந்த இரவு அவள் எங்கே போவாள்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வாசித்துவிட்டு வீட்டில் உள்ளவர்களோடும் பேசுங்கள்.

கணவனின் அடி உதைக்குப் பயந்து பிள்ளைகளோடு வெளியேறும் பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால், வழமையாக ஒரு பதில் வரும். "இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வேலை. குடும்பத்தைப் பிரிக்கிற வேலை. நம்முடைய மார்க்கத்தில் இப்படி ஒன்று இல்லை." கல்யாண வீடுகளிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. இதற்கு ஒரு வரலாறு உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மதீனாவுக்குப் போவோம்.

பஜ்ருத் தொழுகைக்காக நபி (ஸல்) அவர்கள் வெளியே வருகிறார்கள். விடியவில்லை. வாசலில் இருட்டில் ஒரு பெண் நிற்கிறார். யார் என்று கேட்கிறார்கள். ஸாபித் பின் கைஸ் (ரழி) அவர்களின் மனைவி ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரழி). இனித் தானும் கணவரும் சேர்ந்திருக்க முடியாது என்கிறார். இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் இந்தச் சம்பவம் இருக்கிறது. அபூதாவூதில் ஆயிஷா (ரழி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பில், கணவர் அடித்ததில் அவருடைய உடம்பில் ஓரிடம் உடைந்திருந்தது என்ற விவரமும் உண்டு.

"பொறுமையாக இரு, ஊர் என்ன சொல்லும்" என்று நபியவர்கள் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. கணவரை அழைத்தார்கள். கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடச் சொன்னார்கள். முவத்தாவின் அறிவிப்பு ஒரு சிறிய விவரத்தோடு முடிகிறது: அதன் பிறகு ஹபீபா (ரழி) தம் குடும்பத்தாரின் வீட்டில் இருந்துகொண்டார். அதாவது அவருக்கு இரண்டு விடயங்கள் கிடைத்தன. ஒன்று தீர்ப்பு. மற்றது தங்குவதற்கு ஒரு வீடு.

குடும்பமே இல்லாத பெண் என்ன செய்வாள்? அதற்கும் மதீனாவில் ஒரு சம்பவம் உண்டு. புகாரியில் ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒரு கறுப்பினப் பெண், விடுதலைக்குப் பிறகும் அதே கூட்டத்தாரோடுதான் வாழ்ந்தார். ஒரு நாள் சிவப்புத் தோலால் ஆன அணி ஒன்று காணாமல் போனது. பருந்து அதை இறைச்சி என்று நினைத்துத் தூக்கிப் போயிருந்தது. பழி இந்தப் பெண்மீது விழுந்தது. உடம்பையெல்லாம் சோதித்து அவமானப்படுத்தினார்கள். அந்த நேரத்திலேயே பருந்து அதைக் கொண்டுவந்து போட்டது. அவர் அந்த இடத்தை விட்டு மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தை ஏற்றார். அவருக்குப் பள்ளிவாசலுக்குள்ளேயே ஒரு கூடாரம் இருந்தது. தன்னை இழிவுபடுத்தியவர்களை விட்டு ஓடிவந்த, தனக்கென்று யாருமில்லாத ஒரு பெண் தங்கிய இடம் மஸ்ஜிதுந் நபவி.

அடுத்தது கெய்ரோ. ஹிஜ்ரி 684, அதாவது கி.பி. 1285. மம்லூக் சுல்தான் பைபர்ஸின் மகள் அங்கே பெண்களுக்கென்று ஒரு ரிபாத்தைக் கட்டி, ஸைனப் பின்த் அபில் பரகாத் என்ற மார்க்கம் கற்ற பெண்மணியின் பொறுப்பில் விட்டார். அந்த அம்மையார் பக்தாதிய்யா என்று அறியப்பட்டதால் அந்த இடத்துக்கு ரிபாத் அல் பக்தாதிய்யா என்று பெயர். வரலாற்றாசிரியர் அல் மக்ரீஸி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். விவாகரத்தான பெண்களும் கணவனால் கைவிடப்பட்டவர்களும், மறுமணம் செய்யும் வரையோ கணவனிடம் திரும்பும் வரையோ அங்கே தங்க வைக்கப்பட்டார்கள். பொறுப்பில் இருந்தவரும் ஒரு பெண்ணே. தொழுகை, உபதேசம், ஒழுங்கு எல்லாம் இருந்தன. இலண்டனில் இப்படியொரு வீடு திறப்பதற்கு ஏறக்குறைய 700 வருடங்களுக்கு முந்திய கதை இது.

இப்போது இலண்டனுக்கு வருவோம். 1971இல் சிஸ்விக் என்ற பகுதியில் எரின் பிஸி என்ற பெண்ணும் சில தோழிகளும் நகரசபையிடமிருந்து ஒரு சின்ன வீட்டை வாங்கினார்கள். அந்தப் பகுதித் தாய்மார் வந்து பேசி, தேநீர் குடித்துவிட்டுப் போகும் இடமாகத்தான் அதைத் தொடங்கினார்கள். ஒரு பெண் வந்து தன் உடம்பிலிருந்த காயங்களைக் காட்டினாள். அவள் இரவு தங்கினாள். பிறகு இன்னொருத்தி, பிறகு பிள்ளைகளோடு பலர். பெரிய வீட்டுக்கு மாறினார்கள். அதிலும் 36 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று அதிகாரிகள் விதித்தார்கள். சோதனைக்குப் போனபோது உள்ளே 75 பேர் இருந்தார்கள். வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது, பிஸி தோற்றார். ஆனால் நாட்டுக்கு ஒரு விடயம் விளங்கிவிட்டது: இத்தனை பேர் ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறார்கள் என்றால் வீடுகளுக்குள் ஏதோ நடக்கிறது. 1976இல் பிரித்தானியா வீட்டு வன்முறைக்கு எதிராக ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் ஒரு கதவு திறந்தது, சட்டம் பிறகுதான் வந்தது.

நம் நாட்டிலும் இதே வரிசைதான். கொழும்பில் விமென் இன் நீட் அமைப்பு 1987இல் தொடங்கியது. யுத்தத்தால் இடம்பெயர்ந்து கொழும்பு முகாம்களில் இருந்த பெண்களோடு 1991இல் வேலையைத் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், 1993இல் மட்டக்களப்புக்கு வந்தது. அரசாங்கத்தின் மகளிர் சாசனமும் அதே 1993இல்தான். இப்படிப் பல வருடங்கள் பெண்கள் வேலை செய்த பிறகே 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. "குடும்பத்தை உடைக்கும்" என்ற அதே எதிர்ப்பு அப்போதும் எழுந்தது.

அந்தச் சட்டம் என்ன செய்கிறது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் பொலிஸாரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். பிள்ளைக்காகப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் விண்ணப்பிக்கலாம். அவசரமென்றால் நீதவான் இடைக்காலக் கட்டளை தருவார். விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளை தரலாம். அடித்தவர் வீட்டுக்குள் வரக் கூடாது, அவள் தங்கியிருக்கும் காப்பகத்துக்குள் போகக் கூடாது, வேலைத்தலத்துக்குப் போய்த் தொல்லை கொடுக்கக் கூடாது என்றெல்லாம் தடுக்கலாம். மனரீதியான துன்புறுத்தலும் இதில் அடங்கும். கட்டளையை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். இந்தச் சட்டம் எல்லா இனத்துக்கும் எல்லா மதத்துக்கும் உரியது. முஸ்லிம் பெண்களுக்கு விதிவிலக்கு கிடையாது.

நம் சமூகத்தின் சட்ட வரலாறு வேறு மாதிரி. நமக்குச் சட்டம் முதலில் வந்துவிட்டது. 1806இல் ஆங்கிலேயர் காலத்து முகம்மதியர் சட்டக்கோவை, 1929இல் காதி முறையைக் கொண்டுவந்த கட்டளைச் சட்டம், 1951இல் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம். அதன் 28ஆம் பிரிவு, கணவன் கொடுமைப்படுத்தினால் அவன் சம்மதம் இல்லாமலே மனைவி பஸஹ் கேட்கலாம் என்கிறது. இந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. காதியாகப் பெண்கள் வரலாமா, திருமண வயது என்ன என்று அதன் பிறகும் நிறைய வாதாடினோம். வாதாட வேண்டிய விடயங்கள்தான்.

ஆனால் அந்த விவாதங்களில் ஒரு கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. பஸஹ் வழக்கு ஒரு நாளில் முடியாது. காதியார் முன்னால் தவணைமேல் தவணை போகும், சாட்சி கேட்பார்கள், சமாதானம் பேசுவார்கள். வழக்குப் போட்டுவிட்டாள் என்று தெரிந்த அன்றிரவு அந்தப் பெண் எங்கே படுப்பாள்? காதியாரால் அவளுக்கு நீதவானின் பாதுகாப்புக் கட்டளையைக் கொடுக்க முடியாது. அதற்கு நீதவானிடம்தான் போக வேண்டும். இரண்டு இடத்துக்கும் ஒரே நேரத்தில் போகலாம் என்பதே பல பெண்களுக்குத் தெரியாது. 1951இலிருந்து நம்மிடம் தீர்ப்புக்கு வழி இருக்கிறது. ஹபீபா (ரழி) அவர்களுக்குத் தீர்ப்போடு சேர்ந்து கிடைத்த அந்த வீடுதான் நம்மிடம் இல்லை.

"தாய் வீடு இருக்கிறதே" என்பார்கள். சிலருக்கு இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வாப்பா மௌத்தாகியிருப்பார். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருப்பார்கள், "நீ வந்து நின்றால் அவளுடைய காரியம் என்ன ஆகும்" என்று உம்மாவே அழுவார். எல்லாவற்றையும் விட, தாய் வீட்டின் முகவரி கணவனுக்குத் தெரியும். பாதுகாப்பு இல்லங்கள் தங்கள் இடத்தை இரகசியமாக வைத்திருப்பது இதனால்தான்.

கிழக்கில் உள்ள நமக்கு இன்னொன்றும் இருக்கிறது. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் முடித்து வைக்கிறோம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். வாப்பா வெளிநாட்டில் உழைத்துக் கட்டிய வீடு, உறுதி அவளுடைய பெயரில். அப்படியிருந்தும் நடுச்சாமத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறவள் அவள்தான். அவளுக்கு அந்தப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தால் வெளியே போக வேண்டியவர் யார் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இது எங்கோ ஒன்றிரண்டு வீட்டுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் எடுத்த பெண்கள் நலன் பற்றிய ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையால் உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ வன்முறைக்கு ஆளாகியிருப்பது தெரியவந்தது. வகுப்பறைக்குள் அதன் மறுபக்கத்தை நாங்கள் பார்க்கிறோம். முதலாம் பாடத்திலேயே மேசையில் தலைவைத்துத் தூங்கும் பிள்ளை, கதவு படாரென்று அடித்தால் பதறும் பிள்ளை, பாடசாலை விட்டும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் கேற்றடியில் நிற்கும் பிள்ளை. "படிப்பில் கவனமில்லை" என்று அறிக்கையில் எழுதுவது லேசு.

அடைக்கலம் கொடுக்க நமக்குத் தெரியாதா? 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டு உடுத்த உடையோடு வந்தபோது, புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். 2004 சுனாமியில் நம் கரையோர ஊர்களில் நடந்ததும் அதுதான். யாரும் "உங்கள் குடும்பப் பிரச்சினை" என்று சொல்லவில்லை. சோறு சமைத்தோம், பாய் கொடுத்தோம், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்த்தோம். ஆபத்து வெளியிலிருந்து வந்தால் கதவைத் திறக்கிறோம். ஆபத்து வீட்டுக்குள் இருந்தால் மட்டும் பொறுத்துப் போகச் சொல்கிறோம்.

இப்போது நாட்டில் இருக்கும் காப்பகங்கள் மிகக் குறைவு. அங்கே போகவும் நம் பெண்கள் தயங்குகிறார்கள். சாப்பாடு ஹலாலா, தமிழ் பேச ஆள் இருக்குமா, வளர்ந்த ஆண்பிள்ளையைக் கூட வைத்திருக்க விடுவார்களா, இத்தா இருக்க முடியுமா என்ற கேள்விகள். நியாயமான கேள்விகள்தான். நாம் வீடு திறக்காத வரைக்கும் அவற்றுக்குப் பதிலும் இல்லை.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் என் வேண்டுகோள் இதுதான். பெரிய கட்டடம் வேண்டாம். நான்கு அறை உள்ள ஒரு வீடு. பொறுப்புக்கு நம்பிக்கையான பெண்கள். பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரோடும், பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பணியகத்தோடும் தொடர்பு. ஸதகாவும் வக்பும் இருக்கிற ஊரில் இது முடியாத காரியம் அல்ல. சமாதானம் பேசுவதாக இருந்தாலும், முதலில் அவள் பயமில்லாத இடத்தில் இருக்க வேண்டும். கெய்ரோவின் ரிபாத்திலிருந்து கணவனிடம் திரும்பிப் போன பெண்களும் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அதுவரைக்கும் இந்த இலக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம் 1938. பிள்ளைகளுக்கு 1929. உடனடி ஆபத்தென்றால் பொலிஸ் 119. காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே 'மித்துரு பியச' அல்லது 'நட்பு நிலையம்' என்ற பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இருக்கிறது. அங்கே வைத்தியமும் ஆலோசனையும் கிடைக்கும், அடுத்த உதவிக்கு வழியும் காட்டுவார்கள்.

இதை வாசிக்கும் சகோதரிகளில் யாருக்காவது இது தன் கதை என்று தோன்றினால், கமெண்ட்டில் எதுவும் எழுத வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, வீட்டு உறுதி ஆகியவற்றின் பிரதிகளை அந்த நபரிடம் கொடுத்து வையுங்கள்.

அல்லாஹ் நம் வீடுகளை அமைதியான இடங்களாக ஆக்குவானாக. ஆமீன்.