தரிசு என்று பெயரெடுத்த கரை

ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனின் துறைமுகமாகச் சங்க நூலான சிறுபாணாற்றுப்படை காட்டும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. நெய்தல் நிலத்தின் விளைச்சலே உப்புதான். உப்பு வணிகர்களான உமணர்கள் அதை வண்டியேற்றி, உள்நாட்டில் நெல்லுக்கு மாற்றினார்கள்.

உப்பு விளைக்கும் வேலை இன்றும் பெரிதாக மாறவில்லை. மழைக்காலம் ஓய்ந்ததும் பாத்தியில் படிந்த சேற்றை வாரிப்போட்டு, தரை இறுகும்வரை வெறுங்காலால் மிதிக்கிறார்கள். பிறகு உவர்நீர் பாத்தி மாறிப் பாத்தி பாய்கிறது. வெயிலில் காயக் காய அடர்த்தி ஏறுகிறது. பாமே அளவில் கடல்நீரின் அடர்த்தி 3 டிகிரி என்றால் உப்பு பூக்க 25 டிகிரியாவது வேண்டும். அப்புறம்தான் பலகையால் வாரி வரப்பில் குவிக்க முடியும்.

அதே உப்பு குடிநீர்க் கிணற்றில் ஊறினால் ஊருக்கே கேடு. உப்பு எங்கே விளைச்சல், எங்கே கேடு என்ற இந்த எல்லை கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆட்சியாளர்களின் கணக்கேட்டில் அதற்கு இடமில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாண உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணம் என்பதால் உப்பு படகிலும் போனது. ஆக, உப்பு கருவூலத்துக்கு வருமானம். தீர்வை தராத கழியும் சதுப்பும் மட்டும் தரிசு, புறம்போக்கு. தரிசு என்று எழுதிவைத்த இடத்தில் எதை அழித்தாலும் அது அழிவாகத் தெரியாது.

அந்தப் பார்வையின் விலை 1990களில் தெரிந்தது. இறால் பண்ணைகள் தமிழகக் கரையெங்கும் பெருகின. பண்ணையின் உவர்நீர் வயலிலும் கிணற்றிலும் இறங்கியது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்றும் சொன்னது. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், பதிவு செய்துகொண்டு பண்ணை நடத்த வழிவிட்டது. நீதிமன்றம் அடைத்த கதவை ஒன்பதே ஆண்டுகளில் சட்டம் திறந்துவிட்டது.

உப்பளங்களை ஒட்டிய கழுவேலி ஏரியின் கதை வேறு. ஒருபுறம் நன்னீர், முகத்துவாரத்தில் உப்புநீர், இடையில் இரண்டும் கலந்த உவர்நீர் என்று கிடக்கும் அந்த நீர்ப்பரப்பு வலசைப் பறவைகளின் தங்குமிடம். 2021 டிசம்பரில் அது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது. ஏரி அதேதான், ஏட்டில் எழுதிய பெயர்தான் மாறியது.

உப்புத் தொழிலாளிக்கு அப்படி ஒரு பெயர் மாற்றம் வரவில்லை. மழைக்காலத்தில் அவருக்கு வேலையில்லை; அந்த மாதங்களுக்குத் தமிழக அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. தண்ணீர் வடிந்தபின் பாத்திகளை முதலிலிருந்து மிதிக்க வேண்டியிருந்தது.