பெட்டி படுக்கையோடு வந்தவர்கள்

1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதுமே அதன் வேலை. மாணவர் எங்கே தங்குவார், எங்கே சாப்பிடுவார் என்பது அதன் கணக்கில் வரவில்லை. வெளியூரிலிருந்து வந்த பையனுக்கோ அதுதான் முதல் கவலை. பாடம் தொடங்குமுன்பே டிரங்குப் பெட்டியும் ஜமக்காளத்தில் சுருட்டிய படுக்கையுமாக ரயிலிலிருந்து இறங்கி, யாரோ எழுதிக் கொடுத்த விலாசத்தைத் தேடி அலைவதில்தான் அவனுடைய கல்லூரி வாழ்க்கை தொடங்கியது.

உறவினர் வீடு இருந்தால் கவலை இல்லை. 1906-இல் பச்சையப்பன் கல்லூரியில் சேர வந்த கணிதமேதை ராமானுஜன், பிராட்வே பக்கத்தில் பாட்டியோடு தங்கினார். அந்த வசதியும் இல்லாத ஏழைப் பிராமணப் பிள்ளைகளுக்கு 'வாரச் சாப்பாடு' இருந்தது: திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று ஏழு நாளைக்கு ஏழு வீடு. ஏழும் சேருவதற்குள் வகுப்பே தொடங்கிவிடும். ஆறோடு நின்றுபோனால் ஒருநாள் பட்டினி. இந்த நிலையைக் கண்டுதான் மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் 1905-இல் சில பிள்ளைகளோடு தொடங்கியது.

கடற்கரையில் மாநிலக் கல்லூரி இருந்ததால் திருவல்லிக்கேணி மாணவர் பேட்டையாகிவிட்டது. சேப்பாக்கத்தில் விக்டோரியா விடுதி வந்த பிறகும் இடம் போதவில்லை. கோயிலைச் சுற்றிய தெருக்களில் வாடகை அறைகளும் சாப்பாட்டுக் கிளப்புகளும் பெருகின. கிளப்புகள் பெரும்பாலும் பிராமணர் நடத்தியவை. மற்றச் சாதி மாணவர் காசு கொடுத்து எடுப்புச் சாப்பாடு வாங்கிப் போகலாம். உள்ளே உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட முடியாது. அறை வாடகைக்குக் கேட்டாலும் முதல் கேள்வி சாதிதான். கல்லூரி சேர்த்துக்கொண்ட மாணவனை ஊர் சேர்த்துக்கொள்ளாத நிலை அது. தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து படிக்க வந்த மிகச் சிலருக்கு எடுப்புச் சாப்பாட்டு வாசலும் எட்டாத தூரம்.

திருவல்லிக்கேணியில் மருத்துவத் தொழில் செய்த டாக்டர் சி. நடேசனார் இதற்கு ஒரு வழி கண்டார். பிராமணரல்லாத மாணவர் தங்கிப் படிக்க 1916-இல் அங்கேயே 'திராவிடர் இல்லம்' தொடங்கினார். பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் அங்கே தங்கிப் படித்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டி.எம். நாராயணசாமிப் பிள்ளையும் அவ்வாறே. இல்லம் நெடுங்காலம் நடக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு பிட்டி தியாகராயரும் டி.எம். நாயரும் நடேசனாரோடு சேர்ந்து தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தை, அதாவது பின்னாளில் நீதிக்கட்சி என்று பெயர்பெற்றதை, அமைத்தார்கள். அந்தக் கட்சியின் வேர்களில் ஒன்று கிளப்பின் பந்தியில் இருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

பெண்களுக்கு இந்த அலைச்சல் வேறு வடிவில் வந்தது. அறை எடுத்துத் தங்குவது நினைத்துப் பார்க்கக்கூடியதே அல்ல. விடுதி இல்லையென்றால் படிப்பே இல்லை. ராணி மேரிக் கல்லூரி 1914-இல், முன்பு ஓட்டலாக இருந்த கடற்கரைக் கேப்பர் மாளிகையில் 37 மாணவியரோடு தொடங்கியது. அடுத்த ஆண்டே பென்ட்லண்ட் விடுதி எழுந்தது. இளம் விதவைகளைப் படிக்கவைக்க சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இல்லம், அதே கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குக் குடிவந்தது. பெண்ணை அனுப்பத் துணிந்த பெற்றோர் முதலில் விசாரித்தது பாடத்தைப் பற்றியா, வாசல் எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பதைப் பற்றியா என்று ஊகிப்பது எளிது.

தங்குமிடத்தையும் படிப்பையும் ஒன்றாகத் திட்டமிட்ட நிறுவனங்கள் பிறகே வந்தன. 1929-இல் சிதம்பரத்தில் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உறைவிடப் பல்கலைக்கழகம். ஜார்ஜ் டவுன் நெரிசலில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரம் காட்டுக்கு இடம்பெயர்ந்து சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்ற மூன்று விடுதிகளை எழுப்பியது. இத்தகைய இடங்களில் புதிதாக வந்தவன் முதலில் கற்றுக்கொண்டது விடுதிக் கணக்கு. 'டிவைடிங் சிஸ்டம்' என்றால் மாதச் செலவு முழுவதையும் சாப்பிட்டவர் தலையில் பங்கிட்டுப் போடுவது. முட்டையோ இறைச்சியோ 'எக்ஸ்ட்ரா'. சாப்பிடாத நாளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காவிட்டால் அதற்கும் பங்கு விழும்.

1978-இல் மேல்நிலைப் பள்ளி முறை வரும்வரை, பதினைந்து பதினாறு வயதிலேயே பியூசி என்ற புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரிக்கு வந்தார்கள். தமிழில் படித்துவிட்டு ஆங்கில விரிவுரையின் முன்னால் உட்கார்ந்த கிராமத்துப் பிள்ளைக்கு, ஊர் நினைப்பைவிட அந்த மொழியே பெரிய மலைப்பாக இருந்தது.

இன்னொரு மலைப்பு சீனியர்களிடமிருந்து வந்தது. ராகிங் என்ற சொல்லைத் தமிழகம் அப்படியே வைத்துக்கொண்டது. இலங்கைத் தமிழில் வழங்கும் 'பகடிவதை' இன்னும் பொருத்தம்: பகடியாகத் தொடங்கி வதையில் முடிவதை அது மறைப்பதில்லை. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர் விடுதியில் கொலையுண்டது தமிழகத்தை உலுக்கியது. தமிழ்நாடு அரசு உடனே அவசரச் சட்டம் கொண்டுவந்து, 1997-இல் அதை நிரந்தரமாக்கியது. ராகிங்குக்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் 10,000 ரூபாய்வரை அபராதமும் விதிக்க அது வழிசெய்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின், மாணவரும் பெற்றோரும் தரும் உறுதிமொழிப் பத்திரம் சேர்க்கைத் தாள்களோடு சேர்ந்தது. முதலாண்டு மாணவர்களைத் தனிப் பகுதியில் தங்கவைப்பதும் பரவியது.

சீனியர்கள் கையிலிருந்த அந்த முதல் நாட்களைப் பின்னர் நிறுவனங்களே எடுத்துக்கொண்டன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு பொறியியல் கல்லூரிகளுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியை வகுத்தது. பல்கலைக்கழக மானியக் குழு அதையே 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் மற்றக் கல்லூரிகளுக்கும் விரித்தது. தங்குமிடத்தில் சாதி என்ற பழைய கேள்வி மட்டும் எளிதில் போகவில்லை: தமிழ்நாடு அரசின் நலத்துறை விடுதிகள் பல காலம் சாதிப் பிரிவின் பெயரையே பலகையில் தாங்கி நின்றன. 2025 ஜூலையில் அவை அனைத்தும் 'சமூகநீதி விடுதி' என்ற ஒரே பெயருக்கு மாறின.