மணமகள் மட்டும் சொன்ன ஒரு சொல்

கிறிஸ்தவத் திருமணத்தில் மணமகள், கணவனுக்குக் கீழ்ப்படிவதாக வாக்குறுதி தர வேண்டுமா? குடும்ப வாழ்வு பற்றிய கருத்தரங்குகளில் இக்கேள்வி எழுந்தால் அரங்கம் இரண்டுபட்டுவிடும். வேதமே அப்படித்தான் சொல்கிறது என்பர் ஒரு சாரார். காலம் மாறிவிட்டது என்பர் மறு சாரார். அந்த வாக்குறுதிக்கென்று ஒரு வரலாறு இருப்பதை இரு தரப்பினரும் மறந்துவிடுகின்றனர்.

பவுல் எழுதியது

இந்தப் போதனைக்கு அடிப்படை, பவுலின் பெயரால் வழங்கும் எபேசியர் நிருபத்தின் 5ஆம் அதிகாரம். மனைவியர் கணவருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என 22ஆம் வசனம் சொல்கிறது. ஆனால் அதற்கு முந்தைய வசனம், விசுவாசிகள் அனைவரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியும்படி கூறுகிறது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22ஆம் வசனத்திற்கெனத் தனியாக வினைச்சொல்லே இல்லை. 21ஆம் வசனத்தில் இருந்துதான் அதை வருவித்துக்கொள்ள வேண்டும்.

மனைவியருக்கு அங்கு மூன்றே வசனங்கள். கணவருக்குச் சொல்லப்பட்டது அதைப்போல் இருமடங்குக்கும் மேல். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல் கணவன் மனைவியிடம் அன்புகூர வேண்டும் என்பது அதன் சாரம். குடும்பத் தலைவனுக்கு வரம்பற்ற அதிகாரம் தந்திருந்த ரோமானியச் சமுதாயத்தில் இது சாதாரணப் பேச்சல்ல.

கிரான்மரின் நூல்

ஆங்கிலம் பேசும் உலகில் இப்போதனை திருமண உறுதிமொழியாக நிலைபெற்றது 1549இல். கேன்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர் தலைமையில் உருவான பொது வழிபாட்டு நூல் அவ்வாண்டு வெளிவந்தது. நேசிப்பேன், பேணுவேன் என மணமகன் சொல்ல வேண்டும். மணமகள் அவ்விரண்டோடு, கீழ்ப்படிவேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய சடங்கிலும் இதே பொருள் தரும் பழஞ்சொல் இருந்தது. கிரான்மரின் நூல் அதைத் தெளிவாக்கியது.

அதே நூல் இன்னொன்றையும் செய்தது. பிள்ளைப்பேறு, பாவத்திலிருந்து காத்தல் என்ற இரு காரணங்களோடு, ஒருவருக்கொருவர் துணையும் ஆறுதலுமாக இருப்பதையும் திருமணத்தின் நோக்கமாகச் சேர்த்தது. குருமார் மணம் புரியக்கூடாது என்றிருந்த காலத்தில், 1532இல், கிரான்மர் ஜெர்மனியில் மார்கரெட் என்ற பெண்ணை மணந்தவர். பல ஆண்டுகள் அந்த மணவாழ்வை மறைத்தே வாழ்ந்தவர். துணையின் அருமையை அவர் அறியாதவர் அல்லர்.

பிரிட்டிஷார் சென்ற இடங்களுக்கெல்லாம் அவர்களது வழிபாட்டு நூலும் சென்றது. 1818இல் பினாங்கில் எழுந்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்திற்கும் அப்படித்தான் வந்தது.

தேவாலயமும் நீதிமன்றமும்

மணமகன் தன் உலகப் பொருள் அனைத்தையும் மனைவிக்கு அளிப்பதாகவும் பீடத்தின் முன் வாக்களித்தான். ஆனால் இங்கிலாந்தின் சட்டம் நேர்மாறாக இருந்தது. திருமணம் முடிந்ததும் மனைவியின் பணமும் நகையும் சம்பாத்தியமும் கணவனுக்கே உரியவை ஆகிவிடும். 1870ஆம் ஆண்டுச் சட்டம் சம்பாத்தியத்தையும், 1882ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாச் சொத்துகளையும் மனைவிக்கு உரியதாக்கிய பிறகே நிலைமை மாறியது.

1891இல் நடந்த ஒரு வழக்கு நாட்டையே உலுக்கியது. கணவருடன் வாழ மறுத்த எமிலி ஜாக்சன் என்ற மாது, ஞாயிற்றுக்கிழமை கிளித்திரோ நகரத் தேவாலயத்திலிருந்து வெளியே வந்தபோது, கணவரும் அவர் ஆட்களும் அவரைப் பலவந்தமாக வண்டியில் ஏற்றிச் சென்று ஒரு வீட்டில் அடைத்து வைத்தனர். மனைவியை அடைத்து வைக்கும் உரிமை எந்தக் கணவனுக்கும் இல்லை என மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து அவரை விடுவித்தது. கீழ்ப்படிதல் என்ற சொல்லை எதுவரை இழுக்கலாம் என்ற கேள்விக்கு அன்று ஓர் எல்லை வகுக்கப்பட்டது.

சொல் விடைபெற்ற விதம்

அமெரிக்காவில் எலிசபெத் கேடி ஸ்டான்டன் 1840லேயே தம் திருமணத்தில் அச்சொல்லைச் சொல்ல மறுத்தார். 1928இல் அமெரிக்க எபிஸ்கோபல் சபை அதை நீக்கியது. இங்கிலாந்துத் திருச்சபையின் திருத்திய நூலும் அவ்வாறே செய்தது. வேறு காரணங்களுக்காக அந்நூலை நாடாளுமன்றம் நிராகரித்தாலும், அதன் திருமண முறை வழக்கில் பரவியது.

ஆயினும் 1947இல் இளவரசி எலிசபெத், பிலிப்பை மணந்தபோது கீழ்ப்படிவதாகவே உறுதி கூறினார். 1981இல் டயானா அச்சொல்லைத் தவிர்த்தார். 2011இல் கேத்தரினும் அப்படியே. இன்று இங்கிலாந்துத் திருச்சபையில் அது மணமக்களின் விருப்பத்திற்கு விடப்பட்டிருக்கிறது.

சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம், இல்லறத்தை நடத்துவதில் கணவன் மனைவி இருவருக்கும் சம உரிமை என வகுத்தது.

இன்னும் தீராத விவாதம்

திருச்சபைகளுக்குள் விவாதம் ஓய்ந்துவிடவில்லை. கீழ்ப்படிதல் இருவருக்கும் பொதுவானது என்று போப் இரண்டாம் ஜான் பால் 1988இல் வெளியிட்ட மடலில் விளக்கினார். பத்தே ஆண்டுகளில், 1998இல், அமெரிக்காவின் தெற்கு பேப்டிஸ்ட் சபை மனைவியே கணவனின் தலைமைக்குப் பணிய வேண்டும் எனத் தன் விசுவாச அறிக்கையில் சேர்த்தது. அந்த அறிக்கையும் கணவனைப் பணிவிடை செய்யும் தலைவனாகவே வர்ணிக்கிறது.

இரு தரப்பினரும் எடுத்துக்காட்டுவது அதே எபேசியர் நிருபத்தைத்தான். மனைவியின் கடமையை நினைவூட்ட அந்தப் பக்கத்தைத் திறப்பவர்கள், கணவனுக்குச் சொன்ன பகுதியையும் முடிவுவரை வாசித்தால் பல வீடுகளில் இந்தக் கேள்விக்கே இடமிருக்காது. தன்னையே கொடுத்து அன்புகூரும்படி கட்டளை பெற்ற கணவன், மனைவியை அடக்கி வைப்பதற்கு அந்த அதிகாரத்தில் ஆதாரம் தேட முடியாது.