கேம்பிரிட்ஜில் ஒரு செந்நிறத்தின் சரித்திரம்

கேம் என்னும் சிற்றாற்றின் கரையில் கல்லூரிக் கோபுரங்களும் புல்வெளிகளுமாக விளங்கும் கேம்பிரிட்ஜ் நகரை நியூட்டன் வாழ்ந்த ஊரென்றே பலரும் அறிவர். நாம் இழுக்கும் மூச்சு உடலின் மூலைமுடுக்கெல்லாம் சென்று சேரும் இரகசியமும் நூறாண்டுக்கு மேலாக அவ்வூரில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறியே துலங்கிற்று என்பதை அறிந்தவர் சிலரே.

1864ஆம் ஆண்டில், நியூட்டன் வகித்த கணிதப் பீடத்தையே வகித்துவந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், இரத்தத்தினூடே செல்லும் ஒளியில் இரண்டு கரும்பட்டைகள் தோன்றுவதை ஜெர்மானிய அறிஞர் ஹோப்பே-ஸைலர் கண்டறிந்த செய்தியால் ஈர்க்கப்பட்டு, நீர் கலந்த இரத்தத்தில் ஓர் இரும்பு உப்பின் கரைசலைச் சேர்த்துப் பார்த்தார். செந்நிறம் மங்கி ஊதா படர்ந்தது; இரண்டு பட்டைகளும் மறைந்து ஒன்றே நின்றது. அதனைக் காற்றோடு சேர்த்துக் குலுக்கினார். பழைய செம்மை மீண்டது. அசையாமல் வைத்தார், மறுபடியும் ஊதாவாயிற்று. பிராணவாயுவை ஏற்கும் பொருளே அதனை இழக்கவும் வல்லது என்பது இவ்வாறு கண்ணுக்குப் புலனாயிற்று. அப்பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று ஹோப்பே-ஸைலர் பெயர் சூட்டியதும் அவ்வாண்டிலேயே.

அதன் உபகாரம் சாமானியமானதன்று. ஒரு லிட்டர் இரத்தத்தில் பிராணவாயு வெறுமனே கரைந்து நிற்பதாயின் சுமார் 3 மில்லிலிட்டரே நிற்கும். ஹீமோகுளோபின் இருப்பதால் சுமார் 200 மில்லிலிட்டர் செல்கிறது. ஆயினும், நுரையீரலில் இறுகப் பற்றியதை உழைக்கும் தசையில் எவ்வாறு விடுகிறது? கரியமிலவாயு மிகுந்த இடத்தில் அந்தப் பிடி தளர்கிறது என்று 1904இல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் தம் சகாக்களுடன் காட்டினார். உழைக்கும் தசை கரியமிலவாயுவை மிகுதியாக வெளிவிடுமாதலின், தேவை மிகுந்த இடத்திலேயே சுமை அதிகமாக இறங்குகிறது.

கேம்பிரிட்ஜில் ஜோசப் பார்க்ராப்ட் தம் உடலையே சோதனைக்கு ஒப்படைத்தார். காற்று அருகிய உயரத்தில் நுரையீரல் தானே முயன்று பிராணவாயுவை இரத்தத்துக்குள் செலுத்துகிறதா என்ற விவாதத்தைத் தீர்க்க, 1920இல் பிராணவாயு குறைக்கப்பட்ட ஒரு கண்ணாடி அறைக்குள் ஆறு நாள் வாழ்ந்து, முடிவில் கைத்தமனியைத் திறந்து இரத்தம் எடுக்கச் செய்தார். செக்கச்செவேலென்று பாயவேண்டிய தமனி இரத்தம் கருத்தே வந்தது. நுரையீரலுக்கு அத்தகைய தனிச்சக்தி இல்லை என்பது தெளிவாயிற்று.

ஹீமோகுளோபினின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பணுக்கள் உள்ளன என்று 1925இல் நிறுவிய கில்பர்ட் அடேர், வியன்னாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த இளைஞர் மாக்ஸ் பெருட்ஸிடம் 1937இல் குதிரை ஹீமோகுளோபினின் ஸ்படிகங்களைக் கொடுத்தார். யுத்த காலத்தில் அந்நியர் என்று சிறைப்பட்டுக் கானடாவுக்கு அனுப்பப்பட்டும், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்தே தொடங்கிய பெருட்ஸ், 1953இல் பாதரச அணுக்களை அதில் இணைத்து வழி கண்டு, 1959இல் அதன் வடிவத்தை வெளிக்கொணர்ந்தார். 1962இல் நோபல் பரிசு அவரையும் அவருடைய சகா ஜான் கெண்ட்ரூவையும் சேர்ந்தது.

பரிசு பெற்றபின்னும் அவர் ஓயவில்லை. 1938இல் பிராகா நகரில் பெலிக்ஸ் ஹாரோவிட்ஸ் கண்டிருந்த காட்சி ஒன்று விளக்கத்துக்குக் காத்திருந்தது: நுண்பெருக்கியின் அடியில் ஊதாநிற அறுகோணத் தகடுகளாய்க் கிடந்த ஸ்படிகங்கள், பிராணவாயு பட்டதும் கரைந்து செந்நிற ஊசிகளாய் மறுபிறப்பு எடுத்திருந்தன. மூச்சு நுழைந்தால் மூலக்கூறின் உருவமே மாறுகிறது என்பதற்கு அது சாட்சி. 1970இல் பெருட்ஸ் காரணம் கூறினார். பிராணவாயு வந்து சேர, தன்னைச் சூழ்ந்த அணு வளையத்தினின்று சற்றே விலகியிருந்த இரும்பணு அவ்வளையத்துள் நகர்கிறது. அந்நகர்வு, இரும்பணுவுக்கு ஒன்றாக மூலக்கூறில் அமைந்த நான்கு அங்கங்களையும் பிணைத்திருந்த கட்டுகளைத் தளர்த்துகிறது. ஆகவே முதல் வரவு அரிதாயினும் அடுத்த வரவுகள் எளிதாகின்றன. கரியமிலவாயுவால் தசையில் சேரும் அமிலம் அக்கட்டுகளை மீண்டும் இறுக்க, பிராணவாயு வெளியேறுகிறது. கிறிஸ்டியன் போர் கண்ட விந்தையும் அவ்வாறே பொருள்பட்டது.

ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்கும் குறைவானது அவ்விரும்பின் அசைவு. ஸ்டோக்ஸ் குலுக்கிய குழாயில் ஊதா செம்மையானபோது அதனுள்ளே நடந்ததும் அதுவே; அதனைக் கண்டு சொல்ல அவ்வூருக்கு 106 ஆண்டுகள் வேண்டியிருந்தன.